வேலி போடாத விஞ்ஞானி

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அந்த மலைமீது ஏறினால் வெள்ளிமலை. பெயரிலே வெள்ளி, பெட்டியிலே வெள்ளி இல்லை! சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து வயிறு கழுவும் பழங்குடித் தோழர்கள் வாழும் மலை அது. நாடு விடுதலை பெற்றது 1947-ல். அந்த மலையிலே ஜாகீர்தார் முறை ஒழிந்ததோ 1976-ல்! சமவெளிக்கு வந்த வெளிச்சம் மலையேறிச் செல்ல 29 ஆண்டுகள் பிடித்தன.

வெளிச்சத்துக்கு மட்டுமா அந்தக் கதி? கம்பியில்லாமல் காற்றிலே ஓடுகிறதே மின்காந்த அலை, அதுவும் மலையைக் கண்டால் திகைக்கிறது. மேட்டிலே நின்றால் பேச்சு கேட்கும். பள்ளத்திலே இறங்கினால் பாதியிலே நின்றுவிடும். அலை குறுகக் குறுக, அது ஒளியைப் போல நேர்க்கோட்டிலே ஓடும். குறுக்கே குன்று நின்றால் வளைந்து வராது. இது இயற்கையின் விதி.

இந்த நாளிலே, குறைந்த விலையில், குறைந்த மின்சாரத்தில், குறைந்த திறனோடு வேலை செய்யும் கருவிகளுக்கென்றே ஐந்தாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பிலே தனி வழி வகுத்திருக்கிறார்கள். ரெட்கேப் என்று அதற்குச் செல்லப் பெயர். உலகத் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பு 2022-ல் முடித்த 17-ம் வெளியீட்டிலே அதற்கு இடம் தந்தது. முழுத்திறன் கருவி 100 மெகாஹெர்ட்ஸ் அகலப் பாதையிலே காது வைத்துக் கேட்கும். குறைதிறன் கருவிக்கு 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அதற்கு நான்கு ஆன்டெனா. இதற்கு ஒன்றோ இரண்டோ. மழையை அளக்கும் கருவி, மண்ணின் ஈரத்தைச் சொல்லும் கருவி, நோயாளியின் மணிக்கட்டிலே நாடி பார்க்கும் கருவி, இவைகளுக்கெல்லாம் யானைப் பசி இல்லை, குருவிப் பசிதான். குருவிக்கு எதற்கு யானைக் கவளம்?

ஏழைக்கு ஏற்ற எளிய கருவி, நல்லது, வரவேற்போம். ஆனால் அந்தக் கருவியின் ஒவ்வொரு நுணுக்கத்துக்கும், இது என்னுடையது, எவனும் தொடக்கூடாது, தொட்டால் கட்டணம் கட்டு என்று காப்புரிமை கேட்டுப் பெரும் கம்பெனிகள் உலகமெங்கும் விண்ணப்பம் போடுகின்றன. நம் நாட்டுக் காப்புரிமை அலுவலகத்திலும் போடுகின்றன. எது புதிது, எது பழையது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை அங்கே இருக்கும் பரிசோதனையாளருக்கு.

அந்த வேலை எவ்வளவு பெரிது என்பதை உணர வேண்டுமானால், தோழர்களே, ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியில்லாமல் அலையை அனுப்பிக் காட்டியவர். கோடீஸ்வரன் வீடு தேடி வந்து கூப்பிட்டபோதும், தன் அறிவைச் சுற்றி வேலி போட மறுத்தவர். அவர் பெயர் ஜகதீச சந்திர போஸ்.

பலகையிலே பெற்ற பாடம்

1858-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் வங்காளத்திலே பிறந்தார் போஸ். தந்தை பகவான் சந்திர போஸ், துணை மாஜிஸ்திரேட். பதவி பெரிது, வசதி உண்டு. அந்தக் காலத்திலே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கே படிப்பான்? ஆங்கிலப் பள்ளியிலே! அதுதான் அந்தஸ்து; அதுதான் நாகரிகம் என்று எண்ணப்பட்டது. ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை அனுப்பியது, பரீத்பூரிலே இருந்த சாதாரண வங்காள மொழிப் பள்ளிக்கு. முதலிலே தாய்மொழி தெரியட்டும், சொந்த மக்களைத் தெரியட்டும், பிறகு ஆங்கிலம் வரட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பள்ளியிலே மாஜிஸ்திரேட் மகனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், தந்தையிடம் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் ஏவலரின் மகன். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவன், மீனவர் வீட்டு மகன். நீரில் வாழும் உயிர்களைப் பற்றியும் பறவைகளைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகள்தான், இயற்கையை ஆராய வேண்டும் என்ற ஆசையைத் தம் உள்ளத்திலே விதைத்தன என்று பிற்காலத்திலே போஸே நன்றியோடு நினைவுகூர்ந்தார். பள்ளி முடிந்து மூவரும் வீட்டுக்கு வந்தால், தாய் மூவருக்கும் பேதமின்றிச் சோறு போடுவார். தொட்டால் தீட்டு, பட்டால் பாவம் என்று நாடே நடுங்கிய காலத்திலே, அந்த வீட்டு அடுக்களையிலே சாதி நுழையவில்லை!

பாரதக் கதையிலே அந்தச் சிறுவனுக்குப் பிடித்த வீரன் யார் தெரியுமா? அர்ச்சுனன் அல்ல, கர்ணன்! குலத்தைக் காட்டி ஒதுக்கப்பட்டவன், ஆனாலும் கொடுத்துக்கொண்டே இருந்தவன். பின்னாளிலே போஸின் வாழ்வும் அப்படித்தான் அமைந்தது.

கல்கத்தாவிலே ஹேர் பள்ளி, பிறகு புனித சேவியர் பள்ளி, கல்லூரி. அங்கே இலாபோன் பாதிரியார் என்ற ஆசிரியர், சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல் செய்து காட்டிப் பௌதிகம் புகட்டினார். 1880-ல் மருத்துவம் படிக்க இலண்டன் போனார் போஸ். முன்பே பற்றியிருந்த காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிணம் அறுக்கும் கூடத்து நெடி நோயை வளர்த்தது. மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்று விஞ்ஞானம் பயின்றார். 1884-ல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு நாடு திரும்பினார்.

மூன்று ஆண்டு, ஒரு காசு தொடவில்லை

கல்கத்தா மாநிலக் கல்லூரியிலே பேராசிரியர் பதவி கிடைத்தது. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பரிந்துரை இருந்தும் எளிதிலே கிடைக்கவில்லை. கறுப்பனுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கும் மூளை ஏது என்று எண்ணிய காலம் அது. பதவி வந்தது, கூடவே பாகுபாடும் வந்தது. அதே கல்லூரி, அதே பாடம், அதே மணி நேரம். வெள்ளையருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு அதிலே மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பதவி தற்காலிகம் என்று சொல்லி, அதிலும் பாதியை வெட்டினார்கள். ஆக, கைக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு!

ஆலைத் தொழிலாளத் தோழனே, இந்தக் கணக்கு உனக்குப் புரியும். ஒரே தறி, ஒரே உழைப்பு, இரண்டு கூலி என்றால் என்ன செய்வாய்? வேலைநிறுத்தம் செய்வாய். போஸ் வேலையை நிறுத்தவில்லை, சம்பளத்தை நிறுத்தினார்! பாடம் நடத்தினார், ஒரு நாளும் தவறாமல். மாதம் பிறந்ததும் சம்பளத்தைத் தொட மறுத்தார். ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, மூன்று ஆண்டுகள்!

வீட்டிலே பணம் கொழித்ததா? இல்லை. மக்களுக்குத் தொழில் வேண்டும் என்று தந்தையார் தொடங்கிய முயற்சிகள் நொடித்து, கடன் கழுத்தளவு ஏறியிருந்தது. 1887-ல் அபலாவை மணந்தார். வாடகை குறைவு என்று சந்திரநாகூரிலே குடியிருந்து, ஹூக்ளி ஆற்றைப் படகிலே கடந்து வேலைக்குப் போனார். கணவர் கரையேறியதும், படகைத் திருப்பித் துடுப்புப் போட்டு வீடு சேர்வார் அந்த அம்மையார்.

அபலா அம்மையாரைப் பற்றித் தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரத்திலே, 1875-லேயே கதவைத் திறந்துவிட்டது நம் சென்னை மருத்துவக் கல்லூரி. 1882-ல் வங்காளத்திலிருந்து இங்கே வந்து மருத்துவம் பயின்றவர் அபலா. உடல்நலக் குறைவால் முடிக்க முடியாமல் திரும்பினார். பிற்காலத்திலே பெண் கல்விக்கென்று சங்கம் அமைத்து, சிற்றூர்களிலே பள்ளிகள் திறந்தவரும் அவரே.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. வென்றது யார்? மேலிடம் இறங்கி வந்தது. பதவி நிலையானது. முழுச் சம்பளம், அதுவும் முதல் நாளிலிருந்து கணக்கிட்டு, மொத்தமாகக் கைக்கு வந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

தகரத் தொழிலாளியும் பேராசிரியரும்

1888-ல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலை உண்டென்று செய்து காட்டினார். 1894-ன் தொடக்கத்திலே, 36 வயதிலே, மாண்டு போனார். அவர் விட்ட இடத்திலிருந்து அந்த ஆண்டிலே தொடங்கினார் போஸ்.

ஆராய்ச்சிக்கூடம் எங்கே? குளியலறைக்கு அருகே, 24 சதுர அடி! கட்டில் போட்டால் கால் நீட்ட முடியாத இடம். கருவிகள் செய்தவர் யார்? இலண்டன் கம்பெனியா? இல்லை. பள்ளிப் படிப்பில்லாத ஒரு தகரத் தொழிலாளி. அவருக்குச் சொல்லிக் கொடுத்து, வளைக்க வைத்து, பற்ற வைக்க வைத்து, உலகம் காணாத கருவிகளை உண்டாக்கினார் போஸ்.

ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. ஒளியைப் போல அலையும் முறியுமா, திரும்புமா என்று பார்க்க வேண்டுமானால், நீண்ட அலைக்குக் கட்டடம் போன்ற பெரிய கருவி வேண்டும். போஸ் அலையைக் குறுக்கினார். சுமார் 5 மில்லிமீட்டர்! ஓர் அரிசி மணியின் நீளம்தான். அலை சிறுத்தது, கருவி மேசைமேல் அடங்கியது. கந்தகத்தை வார்த்து வில்லை செய்தார். புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே தகரத் தாளைச் செருகி அலையை வடிகட்டினார். சணலை முறுக்கி வைத்து, அலையின் அதிர்வுத் தளம் திரும்புவதைக் காட்டினார். வங்காளத்துச் சணல், உழவன் கையிலே கயிறு. போஸ் கையிலே விஞ்ஞானம்!

1895-ல் கல்கத்தா நகர மண்டபத்திலே மக்கள் முன்னே செய்து காட்டினார். ஓர் அறையிலே அலை புறப்பட்டது. சுவரைத் துளைத்தது. 75 அடி தாண்டியது. அங்கே மணி அடித்தது; வெடிமருந்து வெடித்தது. இடையிலே கம்பி இல்லை. ஆளுநர் பதவியிலிருந்த வெள்ளைத் துரையே அமர்ந்து பார்த்தார். 1897 ஜனவரியிலே இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையிலே, கண்டதைச் சொன்னார், செய்ததைக் காட்டினார். எதையும் மறைக்கவில்லை. கருவியைத் திறந்து காட்டினார்!

கோடீஸ்வரன் கொண்டுவந்த காகிதம்

இதே காலத்திலே இத்தாலிய இளைஞர் மார்க்கோனி இலண்டன் வந்தார். 1896 ஜூன் 2-ம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். அவர் நோக்கம் வேறு. செய்தி அனுப்ப வேண்டும், கடல் கடந்து அனுப்ப வேண்டும், கம்பெனி நடத்த வேண்டும். நீண்ட அலையைப் பிடித்தார், உழைத்தார், 1901 டிசம்பர் 12-ம் நாள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்திலே சைகையைக் கேட்டதாக அறிவித்தார். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வது நமக்கு அழகல்ல. கடலைத் தாண்டும் கனவு அவருடையது.

ஆனால் அன்று அவர் காதிலே வைத்துக் கேட்ட கருவி எது? பாதரசத்தைக் கொண்டு செய்த உணர்கருவி. அதனோடு இணைத்த தொலைபேசிக் காது. இரும்பும் பாதரசமும் சேர்ந்த அத்தகைய உணர்கருவியைப் பற்றி 1899-லேயே இலண்டன் ராயல் சொசைட்டியிலே எழுதிப் படித்தவர் போஸ். மார்க்கோனி பயன்படுத்திய கருவியின் மூலம் போஸின் கட்டுரைதான் என்று 1998-ல் ஆய்வாளர் புரோபீர் பந்தோபாத்யாய் ஆதாரம் அடுக்கி எழுதினார். எழுதப்பட்டது எப்போது? போஸ் மறைந்து 61 ஆண்டுகள் கழித்து!

1901 மே மாதம். இலண்டனிலே போஸின் சொற்பொழிவு நடக்க இருந்த நேரம். தந்திக் கம்பெனியின் சொந்தக்காரர், பெரும் கோடீஸ்வரர், கையிலே காப்புரிமைப் படிவத்தோடு ஓடி வந்தார். மேடையிலே எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள், இதிலே பணம் இருக்கிறது, படிவத்திலே கையெழுத்துப் போடுங்கள், முதல் நான் போடுகிறேன், இலாபத்திலே பாதி எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். போஸ் மறுத்தார். அந்த நாட்டிலே பணத்தின்மீது இருக்கும் பேராசையைக் கண்டு மனம் நொந்து, ஒருமுறை அந்தச் செக்குக்குள் காலை விட்டால் மீள வழியில்லை என்ற பொருள்பட நண்பர் தாகூருக்குக் கடிதம் எழுதினார். சம்பளத்திலே ஒரு காசு குறைந்தாலும் வாங்க மாட்டேன் என்று நின்றவர்தான், கோடி வந்தபோதும் வேண்டாம் என்றார். இரண்டும் ஒரே குணம்தான், தோழர்களே. உரிமைக்கு நிற்பவன்தான் ஆசைக்கும் பணியாமல் நிற்க முடியும்.

நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதையும் சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் வற்புறுத்தினார்கள். நீங்கள் வேலி போடாவிட்டால் இன்னொருவன் போட்டுவிடுவான் என்பது அவர்கள் கவலை. அதன்படி 1901 செப்டம்பர் 30-ம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திலே போஸின் பெயரில் விண்ணப்பம் சேர்ந்தது. பொருள்: மின் அலைகளைக் கண்டறியும் கருவி. அதன் உயிர், கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகம். அதுவரை இருந்த உணர்கருவியிலே உலோகத் தூள். ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் தட்டி எழுப்ப வேண்டும். போஸின் படிகத்தைத் தட்ட வேண்டியதில்லை, தானே மீளும். ஒளியையும் உணரும், அலையையும் உணரும், செயற்கை விழி!

பரிசோதனை இரண்டரை ஆண்டுகள் நடந்தது. 1904 மார்ச் 29-ம் நாள் காப்புரிமை வழங்கப்பட்டது. எண் 7,55,840. பாதி உரிமை சாரா அம்மையாருக்கு என்றும் எழுதப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 17 ஆண்டுகள், அதாவது 1921 வரை, உலகப் பெரும் சந்தையிலே கட்டணம் வசூலித்திருக்கலாம். போஸ் அதைப் பயன்படுத்தவே இல்லை. பட்டயம் இருந்தது, பையிலே பணம் இல்லை, மனத்திலே குறையும் இல்லை.

1920-களிலே மேலைநாட்டுத் தொழிலாளர் வீடுகளிலே வானொலி எப்படி நுழைந்தது தெரியுமா? மின்கலம் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு சுருள், ஒரு காதுக் கருவி, ஒரு துண்டு ஈயத் தாதுப் படிகம், அதன்மேல் தொட்டு நிற்கும் ஒரு மெல்லிய கம்பி. படிக வானொலி! ஏழையின் வானொலி! அந்த நாளின் குறைதிறன் கருவி அதுதான். போஸ் எந்தத் தாதுவைக் கையில் எடுத்தாரோ, அதே தாது. அரைக்கடத்திகளின் வரலாற்றை எழுதியபோது, டிரான்சிஸ்டரைக் கண்டவர்களில் ஒருவரான பிராட்டெய்ன், வானொலி அலையை அரைக்கடத்திப் படிகத்தால் முதலில் கண்டறிந்தவர் என்ற பெருமையைப் போஸுக்கே கொடுத்தார்.

அலையிலிருந்து இலைக்கு

அதற்குப் பிறகு போஸின் உள்ளம் செடி கொடிகளின் பக்கம் திரும்பியது. தூண்டினால் தசை துடிக்கிறது, செடியும் துடிக்கிறதா? அளந்து பார்க்கக் கருவி செய்தார். செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் அவர் கைவண்ணம். 1901-ல் ராயல் சொசைட்டியிலே எதிர்ப்பு. இயற்பியல்காரனுக்கு எங்கள் எல்லையிலே என்ன வேலை என்று உடலியல் பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். கட்டுரை அச்சேறாமல் பெட்டகத்திலே முடங்கியது. எதிர்த்தவர்களில் ஒருவரே அதையொத்த முடிவைப் பின்னர் தம் பெயரில் வெளியிட, முந்தியது போஸே என்று லின்னேயன் சங்கத்திலே நிலைநாட்ட வேண்டியிருந்தது. செடிகளைப் பற்றிய அவர் முடிவுகளில் சிலவற்றைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. அது விஞ்ஞானத்தின் வழக்கம். ஆனால் அளவிடும் கருவியிலே அவருக்கு நிகர் இல்லை. 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1917 நவம்பர் 30. தம் பிறந்த நாளிலே, கல்கத்தாவிலே போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அன்று அவர் அறிவித்தது: இங்கே கண்டவை எல்லாம் அச்சிட்டு வெளியிடப்படும், உலகின் பொதுச் சொத்தாகும், இங்கிருந்து காப்புரிமை எதுவும் எடுக்கப்பட மாட்டாது. 1937-ல் ஜூலையிலே மார்க்கோனி மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 23-ம் நாள் கிரீடியிலே போஸ் கண் மூடினார். ஒருவருக்கு நோபல் பரிசும் கம்பெனியும் கிடைத்தன. மற்றவருக்கு நிலையமும் நிம்மதியும் கிடைத்தன.

காவல்காரன் எங்கே?

இந்த வாழ்க்கையிலே நமக்கென்ன பாடம்? போஸ் செய்தது சரியா, தவறா?

கொடுத்தது சரி. ஆனால் கொடுத்த சொத்துக்குக் காவல் வேண்டாமா? ஊருக்குப் பொதுவென்று ஒருவர் குளம் வெட்டி வைத்தார் என்றால், நாளை ஒரு மிராசுதார் வந்து அதைச் சுற்றி வேலியடைத்து, தண்ணீருக்குக் காசு கேட்டால் யார் தடுப்பது? அறிவுக்குளத்துக்கும் அப்படி ஒரு காவல்காரன் வேண்டும். அவன்தான் காப்புரிமைப் பரிசோதனையாளன். விண்ணப்பம் வந்ததும் அவன் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். இது முன்பே யாராவது எழுதியதா? எழுதியதிலிருந்து எளிதாகத் தோன்றக்கூடியதா? தொழிலுக்குப் பயன்படுமா? வெறும் கணக்கா? கணினி நிரல் மட்டும்தானா? நம் 1970-ம் ஆண்டுச் சட்டம் இத்தனையும் கேட்கச் சொல்கிறது. வெறும் கணக்கு முறைக்கும் நிரலுக்கும் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இடம் தருவதில்லை. போஸ் அச்சிட்டு வைத்த ஒவ்வொரு பக்கமும், அப்படிப்பட்ட காவல்காரன் கையிலே ஒரு கோல்!

காவல் தவறினால் என்ன ஆகும்? மார்க்கோனியின் அலை இசைவுக் காப்புரிமையை அமெரிக்க அலுவலகம் முதலில் மறுத்தது; பிறகு 1904 ஜூனிலே கொடுத்தது. வழக்கு நடந்தது. 1943 ஜூன் 21-ம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதன் முக்கியமான உரிமைகள் செல்லாது, அவற்றை ஸ்டோன், லாட்ஜ், டெஸ்லா ஆகியோர் முன்பே சொல்லிவிட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. கொடுத்து 39 ஆண்டுகளுக்குப் பிறகு! கேட்டவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு! பட்டயத்தின் காலம் எப்போதோ முடிந்த பிறகு! வெள்ளம் வடிந்த பின் அணை கட்டிய கதை இது.

அதனால்தான் குறைதிறன் கருவிகளைப் பற்றிய விண்ணப்பங்களைப் பரிசோதிப்பது ஏதோ அலுவலகத்துக் காகித வேலை என்று எண்ணிவிடக்கூடாது. சிறிய கருவி எந்தக் குறுகிய பாதையிலே காது வைக்க வேண்டும் என்று கோபுரம் அதற்குச் சொல்கிறது. இது ஒரு புதுமை என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2016-லேயே நான்காம் தலைமுறையிலே குறுகிய பாதைக் கருவிகளுக்குத் தரம் வகுத்தாயிற்றே, அதைவிட இதிலே புதிது என்ன என்று கேட்பது பரிசோதனையாளரின் கடமை. உண்மையிலே புதிது இருந்தால் கொடுக்கட்டும். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதை மறுக்கும் கூட்டமல்ல நாம். பழையதற்குப் புதுச் சாயம் பூசி வந்தால், வாசலிலேயே தடுக்கட்டும். தடுக்காவிட்டால் அந்தக் கட்டணம் கருவியின் விலையிலே ஏறும். மலைமேல் மழையை அளக்க வேண்டிய கருவி, கடைக் கண்ணாடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கைபேசிக் காப்புரிமையிலே எவ்வளவு பணம் புரளுகிறது என்பதற்கு ஒரு சான்று. 2024 மார்ச்சிலே டெல்லி உயர் நீதிமன்றம், சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்துக்கு இந்தியாவின் லாவா நிறுவனம் சுமார் 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு வழக்கு, ஒரு கம்பெனி, 244 கோடி!

இந்தக் காவலின் அருமையை முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1959-ல் தமிழகத்து நீதிபதி இராஜகோபால அய்யங்கார், நாட்டின் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். காப்புரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையிலே இருக்கின்றன. அவர்கள் இங்கே தொழில் நடத்தவும் இல்லை, நடத்துபவனை விடவும் இல்லை என்று எடுத்துக்காட்டினார். அதன் விளைவே 1970-ம் ஆண்டுச் சட்டம். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்ற முறை 2005 வரை இங்கே இல்லாததால், உலகத்துக்கே மலிவான மருந்து செய்யும் நாடாயிற்று இந்தியா.

அந்தச் சட்டத்திலே தொழிலாளித் தோழன் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் இடம் உண்டு. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, பட்டயம் கொடுக்கும் முன்னே, யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். யார் வேண்டுமானாலும்! வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை. இது பழையது, இதோ அச்சிட்ட சான்று என்று காட்டினால், வெள்ளிமலைத் தோழன் சொன்னாலும் காப்புரிமை அலுவலகம் கேட்டாக வேண்டும். சென்னையிலே அதன் கிளை கிண்டியிலே இருக்கிறது. அங்கே போய்ச் சொல்ல வேண்டுமானால் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்குத்தான் பள்ளி வேண்டும், தாய்மொழியிலே விஞ்ஞானம் வேண்டும், மீனவர் மகனும் மாஜிஸ்திரேட் மகனும் ஒரே பலகையிலே உட்கார வேண்டும் என்கிறோம்.

போஸ் விட்டுச் சென்ற 5 மில்லிமீட்டர் அலை, நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, இன்று விழித்துக்கொண்டது. 2022-ல் நம் நாட்டிலே ஏலம் விட்ட அலைவரிசைகளிலே 26 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையும் ஒன்று. போஸின் கல்கத்தாச் சோதனைகளை 2012-ல் உலக மின்பொறியாளர் சங்கம் வரலாற்று மைல்கல் என்று பொறித்து வைத்தது. கல்லிலே பெயர் வந்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் கல்லுக்கு மாலை போடுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது.

பட்டறையிலே நிற்கும் தோழனே! உன் கையாலே நீ கண்ட சிறு மாற்றம், சிறு சிக்கனம், அதை எழுதி வை. நாள் போட்டு எழுது. பெயர் போட்டு எழுது. பத்துப் பேர் படிக்க வெளியிடு. காப்புரிமை கேட்கத் தகுந்ததென்றால் கேள்; தனி மனிதருக்குக் கட்டணம் குறைவு. கேட்க விருப்பமில்லை என்றால் ஊருக்குக் கொடு. ஆனால் சான்றோடு கொடு. சான்றில்லாத தானத்தைத் திருடன் தன் பெயரிலே பதிந்துகொள்வான். தகரத் தொழிலாளியின் கையும் பேராசிரியரின் மூளையும் சேர்ந்து 24 சதுர அடியிலே உண்டாக்கியது உலகத்தின் சொத்து. அதிலே ஒரு சாண் நிலத்தையும் எவனும் வளைத்துப் போடாமல் பார்த்துக்கொள்வது, உலகத்திலே உழைக்கும் ஒவ்வொருவருடைய பொறுப்பு.